கூட்டுச் சொற்களும் குரலழுத்தமும்

தோட்டப்புறத்தில் வாழும் நாம், நமக்கு ஆங்கிலம் தெரியாது என்று நம்மையே குறைத்துக் கூறிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஆயினும், ஒரு நாள் காலை முதல் மாலை வரை நம் வாயினின்று வரும் சொற்களை எண்ணிப் பார்ப்போமாயின், உண்மை வேறாக இருப்பதை அறியலாம். காம்பார் பட்டணத்திற்குச் சென்று திரும்பும் ஒருவர், பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார். போஸ்ட் ஆபீசில் பணம் கட்டுகிறார். போலீஸ் ஸ்டேஷனைக் கடந்து செல்கிறார். ரயில்வே ஸ்டேஷனில் உறவினரை வரவேற்கிறார். இவை யாவும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் சேர்ந்து ஒரு பொருளைக் குறிக்கும் கூட்டுச் சொற்கள் அல்லவா? ஆகவே, சொற்கள் நம்மிடம் உள்ளன. அவற்றைக் கேட்பவர் விளங்கிக்கொள்ளும் வண்ணம் சொல்வதில்தான் நம்மிற் பலர் தடுமாறுகிறோம். அத்தடுமாற்றத்தின் காரணம் எழுத்தில் இல்லை; குரலின் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. இப்பாடத்தில் அதனையே ஆராய்வோம்.

இது வெறும் ஏட்டுப் பாடமன்று என்பதற்கு, எமக்கு நேர்ந்த ஒன்றையே முதலிற் கூறுகிறோம். இளமையில் நாம் ஒரு தோட்ட அலுவலகத்தில் இளங்கிராணியாக வேலை பார்த்த காலம். எம் அன்னையாருக்குக் கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கியிருந்தது. பட்டணத்து மருத்துவமனை ஒன்றிலிருந்து, அறுவை மருத்துவத்திற்கு வரவேண்டிய தேதியைத் தொலைபேசியில் ஆங்கிலத்தில் சொன்னார்கள். நாமே கேட்டோம், நாமே குறித்துக்கொண்டோம். முப்பதாம் தேதியன்று அன்னையாரைப் புத்தாடை உடுத்தி அழைத்துச் சென்றபோது, ஏட்டைப் புரட்டிய தாதி, “உங்கள் முறை பதின்மூன்றாம் தேதியே கடந்துவிட்டதே!” என்றார். மறுமுறை இடம் கிடைக்க இரண்டு மாதங்களுக்கு மேலாயிற்று. அத்தனை நாளும் அன்னையார் சுவரைத் தடவியே அடுப்படிக்குப் போய் வந்தார். தொலைபேசியில் பேசியவர் சரியாகத்தான் சொன்னார். எம் செவிதான் அதனைச் சரியாகப் பிரித்துக் கேட்கவில்லை. அவ்விரு சொற்களின் வேறுபாட்டை இப்பாடத்தின் பிற்பகுதியில் விளக்குவோம். அதற்கு முன் சில அடிப்படைகளை அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, அசை. தமிழ் யாப்பிலும் அசை உண்டு என்பதை நாமறிவோம். நேரசை, நிரையசை என அஃது இருவகைப்படும். நாள்தோறும் நிரை பிடித்து மரம் வெட்டும் நமக்கு ‘நிரை’ என்னும் சொல் புதியதன்று! வரிசையாகச் சேர்ந்து நிற்பது நிரை. இரண்டு எழுத்துக்கள் சேர்ந்து நிற்பதால் அவ்வசைக்கும் அப்பெயர். ஆனால் ஆங்கிலத்தார் அசை என்று எண்ணுவதும் நம் யாப்பசையும் முற்றும் ஒன்றல்ல. ‘மரம்’ என்பது யாப்பில் ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கிலோ ம, ரம் என இரண்டு அசை. அவர்களுக்கு ஓர் உயிரொலி ஒலித்தால் ஓர் அசை. முன்னும் பின்னும் எத்தனை மெய்கள் ஒட்டி நின்றாலும் கணக்கு மாறாது. இப்பாடம் முழுவதும் அசை என்று நாம் கூறுவது இந்த ஆங்கிலக் கணக்கையே.

எண்ணுவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. புறங்கையை மோவாய்க்கட்டையின் கீழ் வைத்துக்கொண்டு சொல்லைச் சற்று நிதானமாகச் சொல்லுங்கள். மோவாய் எத்தனை முறை கீழிறங்கிக் கையைத் தொடுகிறதோ, அத்தனை அசை. ‘ரப்பர்’ என்றால் இருமுறை. ‘எஸ்டேட்’ என்றாலும் இருமுறை. ‘மேனேஜர்’ மும்முறை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழ் எழுத்தை நம்பி ஆங்கில அசையை எண்ணினால் கணக்குத் தவறும். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆதலின், ஓரசையான ‘கப்’ நம் வாயில் ‘கப்பு’ என இரண்டாகிறது. ‘பேக்’ என்பது ‘பேக்கு’ ஆகிறது. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து வருவதையும் தமிழ் ஏற்பதில்லை. ஆகவேதான் ‘ஸ்கூல்’ என்னும் ஓரசைச் சொல் ‘இஸ்கூல்’ ஆகியது. நாம் குடியிருக்கும் ‘லயம்’ என்பதையே பாருங்கள். அஃது ஆங்கிலத்தில் ‘லைன்’ என்னும் ஓரசைச் சொல். ஐகாரத்தைத் தமிழ்ச் செவி இரண்டாகப் பிரித்து, ல, யன் என்று கேட்டு, பின்னர் லயம் என்று அதற்கு இசைப்பெயரே சூட்டிவிட்டது! இதிற் பிழையொன்றும் இல்லை. மொழிக்கு மொழி போகும் சொல், போன இடத்து உடையை உடுத்திக்கொள்வது இயல்பு. ‘இஸ்கூல்’ என்றதற்காகப் பிள்ளைகளை முட்டிபோட வைத்த ஆசிரியர்களை நாம் கண்டிருக்கிறோம், அது தகாது. தமிழ் பேசும்போது ‘லயம்’ என்றே சொல்வோம். ஆங்கிலம் பேசும்போது மட்டும் அதன் அசைக்கணக்கைக் கைக்கொள்வோம்.

இனி, கூட்டுச் சொல்லை அசை பிரிப்பது எவ்வாறு? மூங்கிலைக் கணுவில் வெட்டுவதுபோல, முதலில் இரு சொற்களும் சேர்ந்த மூட்டைக் கண்டு அங்கே பிரித்தல் வேண்டும். பிறகே ஒவ்வொரு பாதியையும் அசையாக்க வேண்டும். இம்முறையைக் கைவிட்டால் என்ன நேரும் என்பதற்குக் காம்பார் நகரே சான்று. கீழே கடையும் மேலே வீடுமாக அங்கே வரிசையாக நிற்கும் பழைய கட்டடங்களை ஆங்கிலத்தில் ‘ஷாப்-ஹவுஸ்’ என்பர். கடை, வீடு என்னும் இரு சொற்களின் கூட்டு அது. இரண்டையும் ஒட்டி எழுதும்போது, முதற்சொல்லின் ஈற்றிலுள்ள பகர எழுத்தும், அடுத்த சொல்லின் முதலிலுள்ள ஹகர எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அவ்விரண்டும் சேர்ந்தால் ‘ஃப்’ என்று ஒலிக்கும் எனப் பள்ளியிற் படித்த பிள்ளை, ‘ஷோஃபவுஸ்’ என்று படித்துவிடுகிறது. மூட்டைக் கண்டு பிரித்திருந்தால் அவ்வாறு நேராது. தோட்டத்துச் சாலையில் மழைக்காலத்திற்குப் பஞ்சமில்லாத பள்ளங்களுக்கு ‘பாட்-ஹோல்’ என்று பெயர். அதிலும் டகர எழுத்தும் ஹகர எழுத்தும் அடுத்தடுத்து நிற்பதால், ‘பாதோல்’ என்று படிப்பார் உண்டு. பள்ளத்தில் விழுந்த சைக்கிள் போலத்தான் அச்சொல்லும் ஆகிவிடுகிறது.

மூடப்பட்டுப்போன மூட்டுகளும் சில உண்டு. ‘கப்’, ‘போர்ட்’ என்னும் இரண்டும் சேர்ந்த சொல்லை இன்று ஆங்கிலத்தார் ‘கப்-போர்ட்’ என்று சொல்வதில்லை. ‘கபட்’ என்பதுபோல் ஒலிக்கிறார்கள். ஒரு காலத்தில் கிண்ணங்களை வைக்கும் பலகை, இன்றைக்கு அலமாரி. காலை உணவைக் குறிக்கும் ‘ப்ரெக்ஃபஸ்ட்’ என்பதும், விரதத்தை முறித்தல் என்னும் பொருளுடைய இரு சொற்களின் கூட்டே. பல நூற்றாண்டுகளாக முதற்பகுதியை ஓங்கியும் இரண்டாம் பகுதியைத் தாழ்த்தியும் சொல்லிவந்ததால், இரண்டாம் பகுதி தேய்ந்துபோயிற்று. ‘போஸ்ட்மேன்’ என்று நாம் சொல்வதை அவர்கள் ‘போஸ்ட்-மன்’ என்பதும், ‘ஃபோர்மேன்’ என்பதை ‘ஃபோர்-மன்’ என்பதும் இந்தத் தேய்வினாலேயே. தேய்வுக்குக் காரணம் அழுத்தம். அதுவே நம் பாடத்தின் உயிர்நிலை.

அழுத்தமாவது யாது? ஒரு சொல்லில் உள்ள அசைகளுள் ஒன்றை மட்டும் சற்றே உரக்கவும், சற்றே நீட்டியும், குரலைச் சற்றே உயர்த்தியும் சொல்வதாம். ஆங்கில அகராதிகளில் அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் மேற்புறத்தில் ஒரு சிறு கோடு இட்டிருப்பார்கள். 1917-ஆம் ஆண்டில் டேனியல் ஜோன்ஸ் என்னும் ஒலிநூல் அறிஞர் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியிலும் அழுத்தம் குறிக்கப்பட்டிருந்தது. நாமும் இங்கே ˈ என்னும் கோட்டை இட்டே காட்டுவோம்.

தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. நமக்குக் குறில் நெடிலே உயிர்நாடி. ‘பல்’ வேறு, ‘பால்’ வேறு. மலாய் மொழியிலும் அழுத்தத்தால் பொருள் மாறுவதில்லை. ஆகவே, இவ்விரண்டையும் பேசி வளர்ந்த நாம், எல்லா அசைகளையும் சமமாகச் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆங்கிலத்தாரோ அழுத்தத்தை வைத்தே சொல்லை இனங்காண்கிறார்கள். நாம் சொல்வது அவர்களுக்கு விளங்காமற்போவதற்கு, பெரும்பாலும் நம் எழுத்தொலி காரணமன்று. அழுத்தம் இடம் மாறுவதே காரணம்.

ஆனால், இரண்டு சொற்கள் வெறுமனே அடுத்தடுத்து நிற்பதும், அவை சேர்ந்து ஒரு பெயராவதும் வேறு வேறு என்பதை நாம் நன்கறிவோம். மரத்தடியில் ‘நல்ல பாம்பு’ கிடக்கிறது என்று ஒருவர் கூவினால், ‘எவ்வளவு நல்லது?’ என்று யாரும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை! கருமையான பலகை எதுவாயினும் கறுப்புப் பலகை. பள்ளியில் சுண்ணக்கட்டியால் எழுதுவது மட்டுமே கரும்பலகை. சிவந்த கல்லெல்லாம் செங்கல் ஆகாது. தமிழ் இவ்வேறுபாட்டைச் சொல்லின் உருவத்தில் காட்டுகிறது. ஆங்கிலம் அதனை அழுத்தத்தால் காட்டுகிறது. ˈப்ளாக்-போர்ட் என்று முன்னதை அழுத்தினால் கரும்பலகை. ப்ளாக் ˈபோர்ட் என்று பின்னதை அழுத்தினால் கறுப்பு நிறமுடைய ஏதோ ஒரு பலகை. கேமரன் மலைக்குச் சென்றவர்கள், காய்கறிச் செடிகளை மழையினின்று காக்க அமைத்திருக்கும் பசுங்குடில்களைக் கண்டிருப்பார்கள். அது ˈக்ரீன்-ஹவுஸ். பச்சை வண்ணம் பூசிய வீடோ க்ரீன் ˈஹவுஸ். (‘ஹவுஸ்’ என்பதைத் தமிழில் எழுதும்போது இரண்டசை போலத் தோன்றினாலும், ஆங்கிலத்தில் அஃது ஓரசையே.) பள்ளிக்கூடத்தில் ˈஇங்-லிஷ் டீச்-சர் என்றால் ஆங்கிலப் பாடம் கற்பிப்பவர், அவர் நம் லயத்துப் பெண்ணாகவும் இருக்கலாம். இங்-லிஷ் ˈடீச்-சர் என்றாலோ இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த ஆசிரியர்.

இவ்வளவோடு, ‘கூட்டுச் சொல்லில் முதற்சொல்லை அழுத்துக’ என்று விதி கூறி முடித்துவிடலாமா எனின், இயலாது. காம்பாரை வளர்த்த பொருள்கள் இரண்டு: ஈயமும் ரப்பரும். அவ்விரண்டையும் வைத்தே அதனைச் சோதித்துப் பார்ப்போம்.

ஈயத்திற்கு ஆங்கிலத்தில் ‘டின்’ என்று பெயர். கிந்தாப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்கள் நிறைந்திருந்தன. தஞ்சோங் துவாலாங்கில் ஈய மண்ணைத் தோண்டியெடுத்த மிதவைக் கப்பல்களுள் ஐந்தாம் எண்ணுடையது, 1938-ஆம் ஆண்டில் கட்டப்பட்டு 1982 வரை வேலை செய்து, பின்னர் காட்சிப் பொருளாயிற்று. சுரங்கத்தை ˈடின் மைன் என்பார்கள், முதற்சொல்லில் அழுத்தம். நாம் வாழ்ந்த லயங்களின் தகரக் கூரையையோ டின் ˈரூஃப் என்பார்கள். இரண்டாம் சொல்லில் அழுத்தம். தகரக் குவளையும் டின் ˈமக்தான். சொல் ஒன்றே, பின் ஏன் இந்த மாற்றம்?

ரப்பரைப் பார்ப்போம். 1877-ஆம் ஆண்டில் கோலக் கங்சாரில் நடப்பட்ட கன்றுகளுள் ஒன்று எனப் போற்றப்படும் முதுமரம் அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகில் நிற்கிறது. அது ˈரப்-பர் ட்ரீ. அதனை வெட்டும் நாம் ˈரப்-பர் டாப்-பர். ஆனால் பிள்ளைகள் விளையாடும் பந்து ரப்-பர் ˈபால். சேற்றில் இறங்கப் போட்டுக்கொள்ளும் காலணி ரப்-பர் ˈபூட்ஸ். கிராணியார் மேசைமீதுள்ள முத்திரை ரப்-பர் ˈஸ்டாம்ப். கட்டுக் காகிதத்தைச் சுற்றும் வளையம் ரப்-பர் ˈபேண்ட்.

இதன் திறவுகோல் நம் தமிழ் இலக்கணத்திலேயே கிடக்கிறது. வேற்றுமைத்தொகை, வினைத்தொகை, பண்புத்தொகை, உவமைத்தொகை, உம்மைத்தொகை, அன்மொழித்தொகை எனத் தொகை ஆறு என்று நம் இலக்கணம் வகுத்திருக்கிறது. தொகையை விரித்துப் பார்த்தால் உள்ளே மறைந்திருக்கும் உறவு தெரியும் என்பது அதன் போதனை. ரப்பர் மரம் என்பதை விரியுங்கள்: ரப்பரைத் தரும் மரம். மரம் ரப்பரால் செய்யப்பட்டதன்று. ரப்பர் பந்து என்பதை விரியுங்கள்: ரப்பரால் ஆகிய பந்து. ஈயச் சுரங்கம், ஈயத்தைத் தோண்டும் சுரங்கம். தகரக் கூரை, தகரத்தால் ஆகிய கூரை. ‘ஆல் ஆகிய’ என்று விரிந்தால் ஆங்கிலத்தார் பெரும்பாலும் பின்சொல்லை அழுத்துகிறார்கள். வேறு உறவாக விரிந்தால் பெரும்பாலும் முன்சொல்லை அழுத்துகிறார்கள். ஆங்கிலேயப் பிள்ளைக்குக் கூட இக்காரணம் சொல்லத் தெரியாது; பழக்கத்தால் சொல்லிவிடும். திண்ணைப் பள்ளியிலும் தோட்டப் பள்ளியிலும் நாம் மனனம் செய்த மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, ஆங்கிலம் பேசுவதற்கு இவ்வாறு உதவும் என்று அன்று எவர் நினைத்தார்?

விலக்குகளும் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆரஞ்சுப் பழத்தால் ஆகிய சாறுதானே என்று பின்சொல்லை அழுத்திவிட வேண்டாம். அது ˈஆ-ரிஞ்ச் ஜூஸ். சாறும் கேக்கும் எதனால் ஆனவையாயினும் முன்சொல்லையே அழுத்தக் கேட்கின்றன. ஏன் என்று கேட்டால் மொழி விடை சொல்வதில்லை.

ரப்பர் என்னும் பெயரே தேய்த்தல் என்னும் வினையிலிருந்து பிறந்தது என்பதை இங்கே சொல்லாமற் போக மனமில்லை. 1770-ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில விஞ்ஞானி, பென்சில் கோட்டை அழிக்க இப்பிசின் ஏற்றது என்று எழுதினார். தேய்ப்பது ஆதலின் ‘ரப்பர்’. இத்தனை பெரிய மரத்திற்கும் தொழிலுக்கும் பெயர் தந்தது ஒரு சிறு அழிப்பான்!

வினையிலிருந்து வரும் முன்சொற்களிலும் தொகையை விரித்துப் பார்க்கும் முறை கைகொடுக்கிறது. பால்வெட்டுக் கத்தி, ˈடாப்-பிங் நைஃப். கத்தி தானே வெட்டுவதில்லை. வெட்டுவதற்கு உரிய கத்தி. ˈவாக்-கிங் ஸ்டிக் என்பது நடப்பதற்கு உதவும் தடி; தடி நடப்பதில்லை. ˈட்ரிங்-கிங் வாட்-டர், குடிப்பதற்குரிய நீர். இவ்வாறு ‘அதற்கு உரிய’ என்று விரிந்தால் முன்னதில் அழுத்தம். பொருளே அவ்வினையைச் செய்யுமாயின் அழுத்தம் பின்னே போகும்: ஓடும் நீர், ரன்-னிங் ˈவாட்-டர், தூங்கும் குழந்தை, ஸ்லீப்-பிங் ˈசைல்ட். ஆனால் தூங்குவதற்குரிய பை ˈஸ்லீப்-பிங் பேக். பையை நோக்கிப் பின்னதை அழுத்திச் சொன்னால், பை குறட்டை விடுகிறது என்று பொருளாகிவிடும்.

அன்மொழித்தொகைக்கும் ஆங்கிலத்தில் இடமுண்டு. ˈரெட்-ஹெட் என்றால் சிவந்த தலையன்று. செந்நிற முடியுடைய ஆள். அதுவும் முன்னழுத்தமே. உம்மைத்தொகையாகிய ‘கசப்பும் இனிப்பும்’ என்பது பிட்-டர்-ˈஸ்வீட், அதிற் பின்னழுத்தம். இவற்றை இவ்வளவில் நிறுத்துவோம்.

சாலைப் பெயர்களில் ஒரு வேடிக்கை உண்டு. ஈப்போவின் பழைய தெருப்பெயர்களை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். இன்றைய ஜாலான் சுல்தான் யூசோப்புக்கு முன்னாளில் பெல்ஃபீல்ட் ஸ்ட்ரீட் என்று பெயர். இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா அன்று புரூஸ்டர் ரோட். ‘ஸ்ட்ரீட்’ என்று முடிந்தால் ஆங்கிலத்தார் முன்பெயரை அழுத்துவார்கள்: ˈபெல்-ஃபீல்ட் ஸ்ட்ரீட். ‘ரோட்’ என்று முடிந்தால் ரோட்டையே அழுத்துவார்கள்: ப்ரூஸ்-டர் ˈரோட். மலை, மேடு முதலியவற்றின் பெயர்களிலும் அழுத்தம் பெரும்பாலும் பின்னதிலேயே விழும். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை காம்பாரில் ஜப்பானியப் படையை எதிர்த்துப் போர் நடந்த மேடுகளுள் ஒன்று, படத்தில் க்ரீன் ˈரிட்ஜ் என்று குறிக்கப்பட்டது.

இனி, நம் வாழ்வில் புகுந்துவிட்ட மூன்று சொற்களைப் பார்ப்போம். ரப்பர் நின்ற நிலங்களில் செம்பனை வந்தது. செம்பனை மரத்துக்கு ˈஆயில் பாம் என்று பெயர். அதிலிருந்து வரும் எண்ணெய்க்கு ˈபாம் ஆயில் என்று பெயர். இரண்டிலும் முன்னழுத்தமே. ஆனால் சொல்வரிசை மாறினால் பொருள் மாறும். ஆங்கிலத்திலும் தமிழிலும் தலைமைச் சொல் பின்னே வரும். மலாயில் முன்னே வரும். நாம் ரப்பர் மரம் என்பதை அவர்கள் ‘மரம் ரப்பர்’ என்னும் வரிசையில் ‘போக்கோ கெத்தா’ என்கிறார்கள். பள்ளியில் மூன்று மொழிகளையும் ஒருங்கே படிக்கும் பிள்ளைகள், ஆயில் பாமையும் பாம் ஆயிலையும் மாற்றி எழுதுவது இதனாலேயே. அவர்களை அறிவற்றவர் என்று ஏசுதல் வேண்டா.

மூன்றாவது, ஹவுஸிங் எஸ்டேட். ‘எஸ்டேட்’ என்னும் சொல் தனித்து நிற்கையில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும்: இ-ˈஸ்டேட். எல்லாரும் எஸ் என்பதை ஓங்கிச் சொல்கிறோம். அது நம் பழக்கம். கூட்டுச் சொல்லில் சேரும்போது அவ்வழுத்தம் தாழ்ந்து, முன்சொல் ஓங்குகிறது: ˈஹவு-ஸிங் இ-ஸ்டேட். ரப்பர் எஸ்டேட் என்று பெயர் பெற்றிருந்த எத்தனையோ நிலங்கள், பின்சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு முன்சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டதை நாம் கண்கூடாகக் கண்டோம். அந்த ஒரு சொல் மாறியபோது லயங்களை விட்டு வெளியேறியவர்கள் இதனைப் படிப்போரிலும் இருப்பார்கள்.

‘பெர்மிட்’ என்பதும் அத்தகைய சொல்லே. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியதாயிற்று. ˈவர்க் பெர்-மிட் என்னும் அக்கூட்டுச் சொல், பல குடும்பங்களைக் கப்பலேறச் செய்தது. பெயர்ச்சொல்லாக வருகையில் அது ˈபெர்-மிட். அனுமதி கொடு என்னும் வினையாக வருகையில் பெர்-ˈமிட். ஏற்றுமதியைக் குறிக்கும் சொல்லும் அவ்வாறே: பெயரானால் ˈஎக்ஸ்-போர்ட், வினையானால் எக்ஸ்-ˈபோர்ட்.

மூன்று சொற்கள் கூடினால் அழுத்தம் எங்கு நிற்கிறது என்பதைக் கொண்டே, எவ்விரண்டு முதலிற் சேர்ந்தன என்று அறியவேண்டும். கலங்கரை விளக்கத்தைக் காப்பவர் ˈலைட்-ஹவுஸ் கீப்-பர். அதே சொற்களை லைட் ˈஹவுஸ்-கீப்-பர் என்று அழுத்தினால், எடை குறைந்த ஒல்லியான வீட்டுப் பணிப்பெண்! எழுத்தில் இடைவெளி மட்டுமே சற்று மாறும். சொல்லும்போது அதுவும் இல்லை.

இப்போது, முதலில் நாம் நிறுத்திவைத்த எண்ணுப்பெயர்களுக்கு வருவோம். பதின்மூன்று என்பதற்கும் முப்பது என்பதற்கும் ஆங்கிலத்தில் உள்ள சொற்கள் கூட்டுச் சொற்களே. ‘டீன்’ என்பது பத்து என்னும் ஆங்கிலச் சொல்லின் பழைய உருவம். ‘டி’ என்பது பத்தின் தொகுதி என்னும் பொருளுடைய பழஞ்சொல்லின் எச்சம். தமிழில் பத்தும் மூன்றும் சேர்ந்தால் பத்து முன்னே நின்று பதின்மூன்று ஆகும். மூன்று பத்துக்கள் சேர்ந்தால் மூன்று முன்னே நின்று முப்பது ஆகும். எது முதலில் நிற்கிறது என்பதே பொருளைக் காட்டிவிடுவதால் குழப்பமில்லை. மலாயிலும் ‘பெலாஸ்’, ‘பூலோ’ என்னும் ஈறுகள் தொலைவிலேயே வேறுபட்டு ஒலிக்கின்றன. ஆங்கிலத்திலோ இரண்டிலும் மூன்றே முன்னே நிற்கிறது. எஞ்சிய வேறுபாடு வாலில் மட்டும். வாலைக் காட்டிக்கொடுப்பது அழுத்தம்.

தர்-ˈடீன் என்றால் பதின்மூன்று. ˈதர்-டி என்றால் முப்பது. ஃபிஃப்-ˈடீன் பதினைந்து, ˈஃபிஃப்-டி ஐம்பது. பின்னசை ஓங்கி நீண்டு, இறுதியில் னகரமும் கேட்டால் பத்தைச் சேர்ந்தது. முன்னசை ஓங்கி வால் குறுகினால் பத்தின் மடங்கு. ஆனால் இதிலும் ஓர் இடர்ப்பாடு. பின்னால் அழுத்தமான சொல் ஒன்று வந்தால், ‘டீன்’ தன் அழுத்தத்தை முன்னே தள்ளிவிடும். ‘பதின்மூன்று மரம்’ என்பதை ˈதர்-டீன் ˈட்ரீஸ் என்பார்கள். அப்போது வாலில் உள்ள நெடிலையும் னகரத்தையும் தவிர நமக்கு வேறு துணையில்லை. ஆகவே மருந்தின் அளவு, சம்பளக் கணக்கு, வண்டி வரும் நேரம், மருத்துவர் சொல்லும் தேதி ஆகியவற்றில் ஐயம் தோன்றினால், வெட்கப்படாமல், “ஒன்று மூன்றா? மூன்று சுழியமா?” என்று இலக்கம் இலக்கமாகக் கேட்டுக்கொள்ளுதல் நலம். பழுத்த கிராணிமார்களே அவ்வாறுதான் செய்கிறார்கள்.

தேதி சொல்லும்போது இன்னொரு துணையும் உண்டு. பதின்மூன்றாம் தேதி தர்-ˈடீன்த். மோவாய் இருமுறை இறங்கும். முப்பதாம் தேதி ˈதர்-டி-யத், மும்முறை இறங்கும். அன்று தொலைபேசியைக் கையிற் பிடித்திருந்த நாம், அழுத்தம் அறியாவிடினும், அசையையாவது எண்ணியிருக்கலாம்.

காம்பாரில் ஈயக்குட்டைகள் இருந்த நிலத்தில் 2007-ஆம் ஆண்டு முதல் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகம் இயங்கி வருகிறது. அங்கே பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. கையுறைத் தொழிற்சாலை நேர்முகத் தேர்வாயினும், பல்கலைக்கழக வகுப்பாயினும், நம் பிள்ளைகள் அங்கே போய்த் தயங்கி நிற்காதிருக்க, வீட்டிலேயே பழகலாம். பெற்றோர் ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டுவதில்லை. வெற்று வாளியும் ஒரு குச்சியும் போதும். பிள்ளை சொல்லும் ஒவ்வோர் அசைக்கும் வாளியில் ஒரு தட்டு. அழுத்தம் பெறும் அசைக்கு ஓங்கி ஒரு தட்டு. சத்தம் பக்கத்து வீட்டாருக்குக் கேட்டால், அவர்கள் பிள்ளையும் சேர்ந்து படிக்கட்டும்.

பயிற்சிக்குச் சில சொற்கள் தருகிறோம். முதலில் தமிழில் தொகையை விரித்துப் பாருங்கள். பிறகு எதை அழுத்துவது என்று முடிவு செய்யுங்கள்.

டீ கப் (தேநீருக்கு உரிய கோப்பை), பிளாஸ்டிக் கப் (பிளாஸ்டிக்கால் ஆகிய கோப்பை), பஸ் ஸ்டாப், போலீஸ் ஸ்டேஷன், குளோவ் ஃபேக்டரி (கையுறை செய்யும் தொழிற்சாலை), ரப்பர் குளோவ்ஸ் (ரப்பரால் ஆகிய கையுறைகள்), ஐடென்டிடி கார்ட்.

விடைகள்: ˈடீ கப், ப்ளாஸ்-டிக் ˈகப், ˈபஸ் ஸ்டாப், ப-ˈலீஸ் ஸ்டே-ஷன், இதில் முன்சொல்லின் இரண்டாம் அசையே ஓங்கும், ˈக்ளவ் ஃபேக்-டரி, ரப்-பர் ˈக்ளவ்ஸ், ஐ-ˈடென்-டி-டி கார்ட். கடைசிச் சொல்லுக்கு வாளியில் ஐந்து தட்டுகள் விழவேண்டும். ஓங்கி விழவேண்டியது இரண்டாவது.